கடல் கடந்த தேர்வுக்கூடம்: பிலிப்பினோ செவிலியரும் அமெரிக்கத் தகுதித் தேர்வும்

அயல்நாட்டில் பயின்ற செவிலியர் அமெரிக்காவுக்குப் பெயர்வதை அங்குள்ள ஆள்பற்றாக்குறை, இரு நாடுகளின் ஊதிய வேறுபாடு என்னும் இரண்டைக் கொண்டு விளக்குவதே வழக்கமாக உள்ளது. அவ்விளக்கம் பிழையன்று, எனினும், செவிலியரின் தகுதியை யார், எந்த மண்ணில் வைத்துச் சோதிப்பது என்னும் வினாவுக்கு வெவ்வேறு காலங்களில் கிடைத்த விடைகளை வரிசைப்படுத்தி நோக்கினால், அமெரிக்காவுக்குள் நிகழ்ந்துகொண்டிருந்த தேர்வும் அதில் நேர்ந்த தோல்வியும் சிறிதுசிறிதாகக் கடல் கடந்து புறப்பாட்டு நாட்டுக்கே சென்று சேர்ந்த வரலாறு புலப்படும். பிலிப்பைன்ஸின் அனுபவம் இதற்கு மிகத் தெளிவான சான்று.

1898-இல் அமெரிக்க ஆட்சிக்குள் வந்த அத்தீவுகளில் 1906-இல் இலோய்லோ நகரத்து மிஷன் மருத்துவமனை செவிலியர் பள்ளியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மணிலாவில் அரசும் இப்பயிற்சியைத் தொடங்கிற்று. பயிற்றுமொழி ஆங்கிலம், பாடத்திட்டம் அமெரிக்கருடையது. பின்னாளில் ‘அயல்நாட்டுப் பயிற்சி பெற்றோர்’ என்று வகைப்படுத்தப்பட்டவர்கள், உண்மையில் அமெரிக்கப் பாடத்திட்டத்தின் வார்ப்பிலேயே உருவானவர்கள் என்பதை ஆய்வாளர் பலரும் போகிற போக்கில் சொல்லிச் செல்வதுண்டு. அது அவ்வளவு எளிதாகக் கடந்துவிடத் தக்கதன்று.

பெருமளவிலான முதற் பெயர்வு 1948-இல் உருவான பரிமாற்ற வருகையாளர் திட்டத்தின் வழியே நிகழ்ந்தது. பனிப்போர்க் காலத்தில் அயல்நாட்டினரிடையே அமெரிக்கா பற்றிய நல்லெண்ணத்தை வளர்ப்பதற்காக வகுக்கப்பட்ட இத்திட்டத்தின்படி, ஒருவர் இரண்டாண்டுகள் வரை உதவித்தொகை பெற்றுப் பயின்றுவிட்டுத் தாய்நாடு திரும்பவேண்டும். 1956-க்கும் 1969-க்கும் இடையில் 11,000-க்கும் மேற்பட்ட பிலிப்பினோ செவிலியர் இவ்வாறு சென்றனர். பயிற்சியாளர் என்று பெயர் இருந்ததால் முழு ஊதியம் தரவேண்டிய கட்டாயம் இல்லாமற் போக, ஆள் கிடைக்காத வார்டுகளிலும் நேரங்களிலும் அவர்களை வழக்கமான பணியாளராகவே நிறுத்திய மருத்துவமனைகள் பல.

நாடுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த 1965-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், தொழில்முறைத் தகுதி உடையோர் நிரந்தரமாகக் குடியேற வழிவிட்டது. ஆனால் செவிலியராகப் பணிபுரியும் உரிமத்தை வழங்குவது மாநிலங்களின் அதிகாரம். மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் என ஐந்து பகுதிகளைக் கொண்ட பொது உரிமத் தேர்வை, வந்து இறங்கிய பிறகே அவர்கள் எழுதினர். 1970-களில் அதில் பெரும்பான்மையோர் தோற்றனர். தோற்றவர்களில் பலர் திரும்பிச் செல்லவில்லை. உதவியாளருக்குரிய ஊதியத்தில் அதே மருத்துவமனைகளில் தங்கினர். சில இடங்களில் செவிலியரின் பொறுப்புகளையே சுமந்தனர். ஆயினும் அத்தோல்வி அமெரிக்காவுக்குள் நேர்ந்ததால், அங்குள்ள செவிலியர் சங்கங்களும் மாநில வாரியங்களும் அதற்கு விடை காண வேண்டியிருந்தது.

கண்ட விடைதான் திருப்புமுனை. அமெரிக்கச் செவிலியர் சங்கமும் தேசியச் செவிலியக் கல்விக் கழகமும் சேர்ந்து 1977-இல் சி.ஜி.எஃப்.என்.எஸ். என்னும் இலாப நோக்கற்ற அமைப்பை நிறுவின. உரிமத் தேர்வில் தேறும் வாய்ப்பு உள்ளவரா என்பதை முன்கூட்டியே அறிவதற்கான வடிகட்டித் தேர்வை, செவிலியப் பாடத்திலும் ஆங்கிலத்திலும், விண்ணப்பதாரரின் நாட்டிலேயே நடத்துவது அதன் பணி. முதல் தேர்வு 1978-இல் நடந்தது. ஏமாற்றத்திலிருந்து அயல்நாட்டுப் பெண்களைக் காப்பதே நோக்கம் என்று சொல்லப்பட்டது. அந்நோக்கம் ஓரளவு நிறைவேறவும் செய்தது என்பதை மறுக்க இயலாது. ஆனால் அதன்பின் மணிலாவில் தோற்ற பெண் எந்த அமெரிக்கக் கணக்கிலும் ஏறவில்லை. 1996-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் விசாவுக்கு முன்பே தகுதிச் சான்றைக் கட்டாயமாக்க, அதனை வழங்கும் ‘விசா ஸ்கிரீன்’ பொறுப்பும் இவ்வமைப்பிடமே வந்தது.

உரிமத் தேர்வுக்கும் இதே இடமாற்றம் நேர்ந்தது. 1982-இல் என்க்ளெக்ஸ் என்ற பெயர் பெற்று, 1994-இல் கணினிக்கு மாறிய அத்தேர்வு, ஒரு வினாவுக்கு அளிக்கும் விடையைப் பொறுத்து அடுத்த வினாவின் கடினத்தைக் கூட்டியும் குறைத்தும் தருவது. நீண்ட காலம் குறைந்த அளவு 75 வினாக்கள், மிகுந்த அளவு 265 என இருந்ததால், தேர்வர் எந்த வினாவில் திரை அணையும் என்று அறியாமலே எழுதினார். 2005 ஜனவரியில் ஹாங்காங், லண்டன், சியோல் ஆகிய நகரங்களில் இது முதன்முறையாக அமெரிக்காவுக்கு வெளியே நடைபெற்றது. மணிலாவுக்கு 2007-இல்தான் வந்தது. அதுவரை அந்நாட்டுச் செவிலியர் விமானச் சீட்டு எடுத்து ஹாங்காங்குக்கோ சைபன் தீவுக்கோ சென்று எழுதி வந்தனர். தேர்வு மையங்களின் பட்டியலில் சென்னையும் இடம்பெற்றதால், தமிழகச் செவிலியரும் இப்போது இதே வரிசையில் நிற்கின்றனர்.

இந்த ஏற்பாட்டின் அதிகார எல்லையை 2006 ஜூன் மாதம் நடந்த பிலிப்பைன்ஸ் அரசின் செவிலியர் உரிமத் தேர்வு வெளிப்படுத்தியது. ஏறத்தாழ 42,000 பேர் எழுதிய அத்தேர்வின் மூன்றாம், ஐந்தாம் தாள்களின் வினாக்கள் சில பயிற்சி மையங்கள் வழியே முன்கூட்டியே கசிந்தன. தவறு செய்தவரையும் செய்யாதவரையும் பிரித்தறிய இயலாத நிலையில் நீதிமன்றம் தேறியோரில் ஒரு பகுதியினருக்கு மட்டும் மறுதேர்வு விதித்து, ஏனையோர் உறுதிமொழி ஏற்று உரிமம் பெற வழிவிட்டது. உள்நாட்டுச் சட்டப்படி வழக்கு அத்துடன் முடிந்தது. ஆயினும் 2007 பிப்ரவரியில், அவ்விரு தாள்களுக்கு ஈடான தேர்வை மீண்டும் எழுதித் தேறாதவருக்கு விசா ஸ்கிரீன் சான்று கிடையாது என்று சி.ஜி.எஃப்.என்.எஸ். அறிவித்ததும், மணிலா அரசு அதே ஆண்டு ஜூனில் விருப்ப மறுதேர்வுக்கு ஏற்பாடு செய்தது. பெயரளவில்தான் அது விருப்பத் தேர்வு. ஓர் இறையாண்மை அரசு வழங்கிய உரிமத்தை அதன் நீதிமன்றமே ஏற்ற பின்னும், அயல்நாட்டுத் தனியார் அமைப்பு ஒன்று ஏற்க மறுத்து, அம்மறுப்பே நடைமுறையில் வென்றது.

தேறியவருக்கும் பயணம் உடனே வாய்ப்பதில்லை. நிரந்தரக் குடியேற்ற விசாவின் ஆண்டு எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் காத்திருப்பு பல ஆண்டுகள் நீண்ட காலங்கள் உண்டு. விசா ஸ்கிரீன் சான்றோ ஐந்தாண்டுகளுக்கும், ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் அதனினும் குறைவாக இரண்டாண்டுகளுக்குமே செல்லும். வரிசை நகர்வதற்குள் தாள்கள் காலாவதியானால், அவற்றைப் புதுப்பிக்கும் கட்டணம் இன்னும் ஒரு நாள்கூட அமெரிக்காவில் பணிபுரியாத செவிலியரின் கணக்கிலேயே சேர்கிறது.