நிலக்காட்சி ஓவியம் (தென்னிந்தியா)

ஒளியாலும் நிறத்தாலும் ஓர் இடத்தின் உணர்வைக் காட்டும் ஓவிய வகை. நிலமும் பொழுதும் உணர்வோடு பிணைந்தவை என்ற கருத்து தமிழில் இலக்கணமாகவே வகுக்கப்பட்டுள்ளது. தொல்காப்பியம் இவ்விரண்டையும் முதற்பொருள் என்று கூறி, காத்திருப்புக்குரிய முல்லைக்கு மாலையையும் பிரிவுக்குரிய பாலைக்கு நண்பகலையும் உரிமையாக்குகிறது.

சித்தன்னவாசல் குகைக்கோயில் விதானத்தில் தாமரைக்குளம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. இலைகளுக்கிடையே மீன்களும் அன்னங்களும் யானைகளும், பூக்கொய்யும் ஆடவரும் தென்படுகின்றனர். இது பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது என்று முன்பு கருதப்பட்டது. கல்வெட்டுச் சான்றால் 9ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது என்பார் இன்று பலர்.

1792–93இல் தென்னாட்டில் பயணம் செய்த ஆங்கில ஓவியர்கள் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் ஆகியோர் கோட்டைகளையும் கோயில்களையும் பாபநாசம் அருவியையும் ஐரோப்பிய முறையில் வரைந்தனர். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார்.

நிலக்காட்சி ஓவியம் தனிச்சிறப்புப் பெற்றது கே. சி. எஸ். பணிக்கரின் (1911–1977) நீர்வண்ணங்களில்தான். அவர் பிறந்த கோயம்புத்தூர் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே உள்ளது. வளர்ந்தது கணவாய்க்கு மேற்கே, கேரளத்தில். இடைப்பட்ட கல்பாத்தி ஆற்றுப் பகுதியில் மேற்கின் ஈரப்பசுமையும் கிழக்கின் வறண்ட வெயிலும் சந்திக்கின்றன. பன்னிரண்டு வயதிலேயே வரையத் தொடங்கிய பணிக்கர், கால்வாய்களையும் தென்னைகளையும் விரும்பித் தீட்டினார். பதினேழாம் வயதில் அவருடைய படங்கள் சென்னைக் கண்காட்சியில் இடம்பெற்றன. குடும்பத்துக்காகத் தந்தித் துறையிலும் காப்பீட்டுத் துறையிலும் பணியாற்றியபின், 1936இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமையிலிருந்த சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார்.

நீர்வண்ணத்தில் ஒளி என்பது பெரும்பாலும் தீட்டாமல் விட்ட தாளின் வெண்மையே. ஈரத்தாளில் நிறம் பரவினால் மழைமூட்டம். உலர்ந்த தாளில் அழுத்தமாக விழுந்தால் உச்சிவெயில். பிழை திருத்த இடம் குறைவு என்பதால் இதற்குக் கைத்துணிவு வேண்டும். பணிக்கரின் பளிச்சென்ற நிறங்களுக்குக் கேரளப் பசுமையே காரணம் என்பர் சிலர். வான் கோ முதலான ஐரோப்பிய ஓவியர்களின் தாக்கத்தை வலியுறுத்துவர் வேறு சிலர். இரண்டும் சேர்ந்திருக்கலாம். 1944இல் அவர் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் நிலக்காட்சியிலிருந்து விலகினார்.

பிற்காலத்தவருள் மனோகர் தேவதாஸ் (1936–2022), விழித்திரை நோயால் பார்வை குன்றியபோதும் மதுரைக் காட்சிகளைக் கறுப்பு மைக் கோடுகளில் வரைந்தார். பணிக்கர் 1966இல் நிறுவிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் அருங்காட்சியகத்தில் பணிக்கரின் படைப்புகளும் சென்னை ஓவிய இயக்கத்தினரின் படைப்புகளும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.