கல்விக்கு ஈந்த கைகள்

யாழ்ப்பாணத்துக் கல்விச் சிறப்பினை நாம் அடிக்கடி எடுத்துப் பேசுகின்றோம். அக்கல்விக்கு யார் பொருள் தந்தனர், என்ன நோக்கத்தோடு தந்தனர் என்பதை அத்துணை எண்ணிப் பார்ப்பதில்லை.

1816 ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் குடாநாட்டுக்கு வந்தனர். 1823 இல் வட்டுக்கோட்டையிலே செமினறி என்னும் உயர்கல்விக் கழகத்தை நிறுவினர். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். மாணவர்க்கு உண்டியும் உடையும் உறையுளும் மிஷனே அளித்தது. அதற்கான செலவை அமெரிக்காவிலிருந்த அன்பர்கள் ஏற்றனர். ஒரு மாணவனின் செலவை ஏற்றவர் விரும்பிய பெயரை அம்மாணவனுக்குச் சூட்டுதல் வழக்கமாயிற்று. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை என்னும் பெயர்கள் அவ்வழக்கை நினைவூட்டுவன. 1824 இல் உடுவிலிலே தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையிலோ, தயங்கிய பெற்றோரை இணங்குவிக்கும் பொருட்டு, படித்த பெண்ணுக்கு மணக்காலத்திற் சீதனம் வழங்கவும் மிஷன் முன்வந்தது.

இவ்வுதவியின் பயன் பெரிது. 1857 இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையிற் பயின்றவர்களே. ஆயினும் கொடுத்தவர் நோக்கம் சமயப் பணியாளரை ஆக்குவது. பயின்றவர் பலர் அரசாங்க உத்தியோகங்களை நாடினர். 1855 இல் அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழு நிலைமையை ஆராய்ந்தது. அவ்வாண்டே செமினறி மூடப்பட்டது. கை கொடுத்தவரே கையை எடுத்துக்கொள்ளவும் வல்லவராயினர்.

மதம் மாறாது கல்வி பெற வழியொன்று வேண்டுமென ஆறுமுக நாவலர் கருதினார். 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிக் கட்டணமின்றிக் கற்பித்தார். 1872 இல் அவர் தொடங்கிய சைவ ஆங்கிலப் பாடசாலையோ பொருள் முட்டுப்பாட்டாற் சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. நல்லெண்ணம் நிறைந்திருந்தும் நிலையான வருவாய் இல்லையேற் கல்விக்கூடம் நிலைப்பது அரிது. 1888 இல் அமைந்த சைவபரிபாலன சபை, தனியொருவரின் சுமையைச் சமூகத்தின் சுமையாக்கியது. 1890 இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அச்சபையின் பொறுப்பில் வளரலாயிற்று.

இவையனைத்தும் ஒருவர் ஈய, மற்றவர் ஏற்ற முறையே. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது இந்நிலை மாறிற்று. கீழ்வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை கட்டணமின்றிப் பயில்வது குடிமக்களின் உரிமையாயிற்று.

எனினும் கட்டணம் நீங்கியதால் வறுமை நீங்கிவிடவில்லை. சோறும் தங்குமிடமும் புத்தகமும் விலைக்கே கிடைக்கின்றன. 1974 இல் திருநெல்வேலியில் வளாகமாகத் தோன்றி, 1979 இற் பல்கலைக்கழகமாகிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் தொலைவூர்களிலிருந்து வரும் ஏழை மாணவர்க்கு இக்குறை பெரிது. 1981 இல் ஏற்பட்ட மகாபொல புலமைப்பரிசில் நிதி, திறமையையும் குடும்பத்தின் வருவாயையும் ஒருங்கே நோக்கி மாதந்தோறும் உதவ எழுந்தது.

அன்று உதவி பெற்ற மாணவன் கொடையாளர் தந்த பெயரைத் தாங்கினான். இன்று அவன் தன் பெயரோடேயே படிக்கிறான். அந்த உதவி அவனுடைய வயிற்றுக்குப் போதுமானதா என்று கேட்டுப் பார்ப்பது நம் கடமை.