புகையும் சிசுவும்: கேரளத்தில் ஒரு வழக்கம் தளர்ந்த கதை

மலையாள நாட்டில் இரண்டு தலைமுறைகளுக்கு முன்பு, கல்யாண வீட்டுக்கு வந்தவர்களுக்கு வெற்றிலைத் தட்டோடு சிகரெட்டையும் சேர்த்து நீட்டுவது உபசாரத்தின் ஓர் அங்கமாகவே கருதப்பட்டது. பெட்டிக்கடைத் தூணில் தேங்காய்நார்க் கயிறு ஒன்று நுனி கனன்றபடி தொங்கும். போவோர் வருவோரெல்லாம் அதில் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு நடப்பார்கள். பகலெல்லாம் உழைத்துக் களைத்து வீடு திரும்பியவர், திண்ணையில் சாய்ந்து, பால் மணம் மாறாத குழந்தையை ஒரு கையால் அணைத்தபடியே மறு கையால் பீடியை வாயில் வைத்தால், அதில் குற்றம் காண வேண்டும் என்று எவருக்கும் தோன்றியதில்லை. அந்தக் குழந்தையின் தாய்க்குத் தோன்றியிருந்தாலும் அவள் வாய் திறக்கவில்லை, திறந்தபோது அது சபை ஏறவில்லை.

பீடி அங்கே வெறும் போகப் பொருளாக மட்டும் இருக்கவில்லை, ஜீவனமாகவும் இருந்தது. 1966-ல் இயற்றப்பட்ட பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைக் கேரள அரசு நடைமுறைப்படுத்த முற்பட்டவுடன், மங்களூர் முதலாளிகள் தங்கள் தொழிற்கூடங்களை மூடிவிட்டுப் போக, வேலையிழந்து நின்ற ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டு 1969-ல் கண்ணூரில் தோன்றியதுதான் தினேஷ் பீடி என்ற கூட்டுறவு ஸ்தாபனம். அவ்வட்டாரத்துப் பீடிக் கூடங்களில் ஒரு விசேஷம் உண்டு. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, இலையை வெட்டித் தூளை வைத்துச் சுருட்டி நூல் கட்டிக் குவிக்கும் தொழிலாளர்கள், தங்கள் கூலியிலிருந்து ஒரு பங்கைக் கொடுத்து, ஒருவரை நடுவில் உட்கார வைத்துப் பத்திரிகையையும் நாவலையும் உரக்க வாசிக்கச் செய்வார்கள்; கை வேலையிலும் காது உலக விவகாரத்திலும் இருக்கும். உலகத்துச் செய்திகளையெல்லாம் கேட்டு விவாதித்த அந்தக் கூடங்களில், பீடிப் புகை பக்கத்திலிருக்கும் சிசுவை என்ன செய்கிறது என்ற செய்தி மட்டும் நெடுங்காலம் ஒலிக்காமற்போனதற்கு அவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. அப்படியொரு செய்தி அப்போது வைத்தியர்களிடமே இல்லை.

அது முதன்முதலில் தெளிவாக வெளிப்பட்டது 1974-ல்தான். லண்டன் ஹாரோ பகுதியில் பிறந்த 2,000-க்கு மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்தது முதல் கவனித்து வந்த ஆராய்ச்சியாளர்கள், தாய் தந்தை இருவரும் புகைக்கும் வீடுகளில் ஒரு வயதுக்குட்பட்ட சிசுக்களுக்கு நிமோனியாவும் மார்ச்சளியும் வருவது, இருவருமே புகைக்காத வீடுகளில் உள்ளதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு என்று லான்செட் பத்திரிகையில் எழுதினர். 1981-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் ஹிரயாமா, தாம் புகைக்காவிட்டாலும் புகைக்கும் கணவன்மாரோடு வாழ்ந்த மனைவியருக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் காண்பதை நிறுவினார். காரணம் கடினமானதன்று. புகைப்பவர் இழுத்து விடும் புகையைக் காட்டிலும், இரு இழுப்புகளுக்கு இடையே நெருப்பு நுனி தானே கனன்று விடும் புகைதான் அறையை அதிகம் நிறைக்கிறது. பெரியவர்களைவிட வேகமாக மூச்சு வாங்கும் சிசு, தன் எடையை நோக்க அதிக அளவில் அதை உட்கொள்கிறது. ஜன்னலைத் திறந்து வைப்பதால் இந்த ஆபத்து முற்றும் நீங்கிவிடுவதுமில்லை.

இனி நியாயஸ்தலத்தின் பங்கு. பொது இடங்களில் பிறர் விடும் புகையால் அவதியுற்றோர் சார்பில் கல்லூரி ஆசிரியை ஒருவரும் சேர்ந்து தொடுத்த வழக்கில், 1999 ஜூலை 12 அன்று கேரள உயர்நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆம் விதி காக்கும் உயிர் வாழும் உரிமைக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வழங்கிய இரு நீதிபதிகளுள் ஒருவர் நம் தேவகோட்டையைச் சேர்ந்த ஏ.ஆர். லட்சுமணன். 2001-ல் உச்சநீதிமன்றத்தின் ஆணை, 2003-ல் நாடு முழுமைக்குமான சட்டம், 2008 அக்டோபர் 2 முதல் அதன் கண்டிப்பான விதிகள் என்று காரியங்கள் வரிசையாக நடந்தேறின. ஆனால் பேருந்திலும் தேநீர்க்கடையிலும் அணைக்கப்பட்ட பீடி வீட்டுக்குள் மட்டும் அணையவில்லை. சட்டம் வாசற்படியோடு நின்றுவிட்டது. தவழும் குழந்தையோ பேருந்தில் வாழவில்லை, வீட்டில்தான் வாழ்ந்தது.

இவ்விடத்தில்தான் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் ஸ்தாபனத்தின் அச்சுத மேனன் மையத்தைச் சேர்ந்த டாக்டர் தங்கப்பன் முதலியோர், அமெரிக்க மானிடவியலாளர் மார்க் நிக்டருடன் கூடி மேற்கொண்ட முயற்சி என் மனத்துக்கு மிக முக்கியமானதாகப் படுகிறது. வீட்டுக்குள் புகைப்பதன் தீங்கு பெண்களுக்குப் புதிய விஷயமாயிருக்கவில்லை. குழந்தைக்கு ஆகாது என்று சொல்லிப் பார்த்து, பலிக்காமல் ஓய்ந்தவர்களே அதிகம். ஒருத்தி கேட்டால் அது மனைவியின் முணுமுணுப்பு. ஊரே கேட்டால் அது ஊர் வழக்கம். ஆகவே ஆராய்ச்சியாளர்கள் தனி வீட்டை விட்டுவிட்டுப் பஞ்சாயத்து வார்டையே பற்றிக்கொண்டனர். சுகாதாரப் பணிப் பெண்கள் வீடு வீடாகச் சென்று பேச, வார்டு உறுப்பினரும் வைத்தியரும் முன்னிற்கக் கூட்டம் கூடி, எங்கள் வார்டில் வீட்டுக்குள் எவரும் புகைப்பதில்லை, விருந்தாளியாக வருபவரும் வெளியே போய்த்தான் புகைக்க வேண்டும் என்று பகிரங்கமாக முடிவு செய்தார்கள். பீடியை விட்டொழியுங்கள் என்று ஆண்களிடம் கேட்காமல், வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டதில் ஒரு நுட்பமான விவேகம் இருக்கிறது. விடச் சொன்னால் தர்க்கம் பிறக்கும்; குழந்தையை முன்னிட்டு நாலடி நகரச் சொன்னால் மறுக்க நா எழாது. மாமனுக்கும் மச்சானுக்கும் மரியாதைக் குறைவு ஏற்படாமல் மறுப்புச் சொல்ல இல்லத்தரசிக்கு இப்போது ஊர் முடிவு என்ற துணையும் கிடைத்தது.

இதே முறை இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவிலும் கையாளப்பட்டது. சடங்குகளில் விருந்தினருக்குச் சிகரெட் வைத்து உபசரிக்கும் அந்த நாட்டில் இது எளிய காரியமன்று. அங்கேயும் அக்கம்பக்கத்துப் பெண்கள் சங்கங்களே முன்னின்றன.

இந்திய அரசின் புகையிலைக் கணக்கெடுப்பில், வீட்டில் பிறர் புகையைச் சுவாசிக்க நேரும் பெரியவர்கள் 2009-10-ல் நூற்றுக்கு 52 பேராக இருந்தனர். 2016-17-ல் அது 38.7 ஆகக் குறைந்தது. குறைந்ததில் சட்டத்துக்கும் பங்குண்டு, விலைக்கும் உண்டு, பத்திரிகைப் பிரசாரத்துக்கும் உண்டு. ஆயினும் வாசற்படிக்குள் கால் வைக்கச் சட்டத்துக்கு இன்றளவும் அதிகாரமில்லை. அந்த அதிகாரம் வார்டுக் கூட்டத்துக்கும் பெண்கள் குழுக்களுக்கும்தான் இருக்கிறது. தம் ஊர்க் கிராம சபையில் சாலையும் குடிநீரும் பேசப்படும் நாளில் வீட்டுக்குள் புகைப்பதையும் ஒரு விஷயமாக எழுப்பும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.