பதிவேட்டில் இல்லாதவர்கள்: கிராம சுகாதாரச் செவிலியரும் சமுதாயத் தேவைக் கணிப்பும்

ஒரு மக்கள்தொகையில் எந்த நோய் யாரை எவ்வளவு பாதிக்கிறது, அதில் எதைத் தடுக்க முடியும், கையிலிருக்கும் ஆளையும் பணத்தையும் கொண்டு எதை முதலில் செய்யலாம் என்று முறையாக ஆராய்ந்து முடிவெடுப்பதே சமுதாய சுகாதாரத் தேவைக் கணிப்பு. தமிழ்நாட்டின் ஊரகப் பகுதியில் இந்தப் பணியின் அடித்தளம் துணை சுகாதார நிலையம். சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு நிலையம் என்பது விதிமுறை. அங்குள்ள கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கிறார், தகுதியுள்ள தம்பதியர் (மனைவி கருவுறும் வயதில் உள்ளோர்) பதிவேட்டைப் புதுப்பிக்கிறார், கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பின்தொடர்கிறார். அவர் தரும் எண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொகுக்கப்பட்டு மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் செல்கின்றன. அந்தக் கணக்கு எதை அளக்கிறது, எதைத் தவறவிடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. விதிமுறைப்படி எதிர்பார்க்கப்படும் எண்ணுக்கும் களத்தில் கிடைக்கும் எண்ணுக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்கும்போதுதான் தேவை வெளிப்படுகிறது என்பதும், நடைமுறையோ அந்த வேறுபாட்டை விளக்காமல் மூடிவிடத் தூண்டுகிறது என்பதும் இதன் வாதம்.

இன்றைய நடைமுறை இலக்குகளின் வரலாற்றிலிருந்து பிறந்தது. குடும்பநலத் திட்டம் நீண்ட காலம் மேலிருந்து விதிக்கப்பட்ட இலக்குகளால் இயங்கியது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 ஆண்டில் மட்டும், நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. 1994இல் கெய்ரோவில் நடந்த மக்கள்தொகை மாநாட்டுக்குப் பிறகு, 1996 ஏப்ரலில் இந்திய அரசு கருத்தடை இலக்குகளை நாடு முழுவதும் கைவிட்டது. அடுத்த ஆண்டே அந்த இலக்கற்ற அணுகுமுறைக்குச் ‘சமுதாயத் தேவைக் கணிப்பு அணுகுமுறை’ என்று பெயர் சூட்டப்பட்டது. செவிலியர் தம் பகுதி மக்களைக் கேட்டறிந்து தேவையைக் கணித்து, அதிலிருந்து ஆண்டுத் திட்டத்தைக் கீழிருந்து மேலாக வகுக்க வேண்டும் என்பதே நோக்கம். நடைமுறையில் ‘எதிர்பார்க்கப்படும் சாதனை அளவு’ என்ற பத்தி படிவத்துக்குள் வந்து சேர்ந்தது. மாதக் கூட்டத்தில் அந்த அளவை எட்டினாரா என்று கேட்கப்படும் செவிலியருக்கு அது பழைய இலக்கிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. தேவையைக் கணிப்பவரும், அந்தக் கணிப்பைக் கொண்டே மதிப்பிடப்படுபவரும் ஒருவராக இருப்பதுதான் இம்முறையின் ஆழமான சிக்கல்.

தேவை என்பதே ஒரு பொருளில் வழங்கும் சொல் அல்ல. பிரிட்டிஷ் சமூகக் கொள்கை அறிஞர் ஜொனாதன் பிராட்ஷா 1972இல் தேவையை நான்காகப் பிரித்தார். வல்லுநர் வரையறுப்பது ஒன்று. மக்கள் தாமே உணர்வது ஒன்று. சேவையை நாடிச் செல்வதன் மூலம் வெளிப்படுவது ஒன்று. ஒத்த நிலையில் உள்ள இன்னொரு மக்கள்குழுவோடு ஒப்பிடும்போது தெரிவது ஒன்று. இந்த நான்கும் ஒரே ஊரில் நான்கு வேறு பட்டியல்களைத் தரும். இரத்தசோகை இதற்கு நல்ல சான்று. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உண்டு. இந்த விகிதத்தை 5,000 பேர் கொண்ட ஒரு துணை நிலையப் பகுதிக்குப் பொருத்தினால் ஏறத்தாழ 700 பெண்கள் என்று வரும். ஆயினும் மக்கள் கூடிப் பேசும் இடத்தில் ஊரின் குறை என்னவென்று கேட்டால் குடிநீர், சாலை, பேருந்து, மதுக்கடை என்றே பதில் வரும். களைப்பும் மூச்சிரைப்பும் வேலையின் இயல்பாகவே எண்ணப்படுகின்றன. புறநோயாளிப் பதிவேட்டிலும் இரத்தசோகை அரிதாகவே தலைகாட்டும்; கர்ப்பிணிகளின் அட்டையில் மட்டும்தான் அது எண்ணாகிறது. கர்ப்பம் தரிக்காத பெண்ணின் இரத்தசோகை வல்லுநர் வரையறையில் மட்டுமே தேவை. அதே சமயம், மக்கள் உணரும் தேவையைச் சுகாதாரத்துக்குத் தொடர்பற்றது என்று ஒதுக்குவதும் பிழை. குடிநீரும் பேருந்தும் நோயையும் சிகிச்சையையும் நேரடியாகத் தீர்மானிப்பவை.

செவிலியர் கையாளும் எண்களில் மிகவும் பயன்தருவதும் மிக எளிதில் வீணாவதும் கர்ப்பிணிகளின் எதிர்பார்ப்பு எண். 2020இல் மாநிலத்தின் பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 14 ஆக இருந்தது. அந்த விகிதப்படி 5,000 பேருக்கு ஆண்டுக்கு 70 பிறப்புகள். கருச்சிதைவு முதலியவற்றுக்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் 77 கர்ப்பங்கள். ஒரு நிலையத்தில் 55 மட்டுமே பதிவாகியிருப்பதாகக் கொள்ளலாம். மீதி 22 பேர் எங்கே? அந்த ஊரில் இளையோர் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய் முதியோர் மிகுந்திருந்தால் மாநில விகிதமே அதற்குப் பொருந்தாது. அப்போது குறைவு உண்மையானது. சிலர் தொடக்கத்திலிருந்தே தனியார் மருத்துவமனைக்குச் செல்கின்றனர். சிலர் மருந்துக்கடை மாத்திரையால் கருவைக் கலைத்திருப்பர். சிலர் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகே பதிவுக்கு வருவர். பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணின் கர்ப்பம் வெளியே தெரிந்தால் வழக்கு வரும் என்ற அச்சத்தில் குடும்பம் வயதையோ கர்ப்பத்தையோ மறைக்கக்கூடும். இந்தக் காரணங்கள் எல்லாம் ஒரே நடவடிக்கையைக் கோருவதில்லை. முதலாவது எதையும் கோரவில்லை, கடைசியானது மிக அவசரமானது. ஆனால் மாத அறிக்கையில் அவை அனைத்தும் ‘குறைவு 22’ என்று ஒரே எண்ணாகச் சுருங்குகின்றன. அடுத்த ஆண்டு மக்கள்தொகையையோ பிறப்பு விகிதத்தையோ சற்றுக் குறைத்து எழுதினால் குறைவு காகிதத்திலிருந்து மறைந்துவிடும்.

தாய்வீட்டுப் பழக்கம் இந்தக் கணக்கை மேலும் குழப்பியது. தலைப்பிரசவத்துக்கு வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு செல்வது தமிழகத்தில் பரவலான வழக்கம். கணவன் ஊர்ச் செவிலியர் பதிந்த தாய், ஏழாம் மாதத்துக்குப் பின் அவர் பார்வையிலிருந்து விலகுகிறார். தாய்வீட்டு ஊரில் புதிதாகத் தோன்றுகிறார். முன்பு அவர் இரண்டு ஊர்களில் எண்ணப்பட்டார், அல்லது இரண்டிலும் விடுபட்டார். பிக்மி என்ற இணையப் பதிவு ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் தனி எண் கொடுத்து இதைப் பெருமளவு சீர்செய்தது. பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் கேட்கப்படுவதால் தனியார் மருத்துவமனைக்குச் செல்பவரும் பதிவுக்கு வருகின்றனர். எனினும் எண் பெற்றவரைப் பின்தொடரத்தான் மென்பொருளால் முடியும். எண் பெறாதவரைத் தேடும் வேலை செவிலியரின் கால்களுக்கே உரியது.

எண் பெறாதவர் யார் என்பது தற்செயலாக அமைவதில்லை. திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவின் பலாங்கிர், நுவாபாடா பகுதிகளிலிருந்து குடும்பங்கள் ஆண்டின் முற்பாதியில் வந்து தங்கி, மழைக்கு முன் திரும்பிவிடுகின்றன. ஏப்ரல் மாத வீட்டுக் கணக்கெடுப்பில் அவர்கள் ஊரின் மக்கள்தொகையில் சேர்வது செவிலியர் சூளைக்குள் நுழைந்தாரா என்பதைப் பொறுத்தது. சேர்க்காவிட்டால் தடுப்பூசி விழுக்காடு உயர்ந்து காணும். தடுப்பூசி போடாத குழந்தைகள் வகுக்கும் எண்ணிலும் இல்லை, வகுபடும் எண்ணிலும் இல்லை. நிரந்தரமாக ஊரிலேயே வாழ்பவருக்கும் இது நேர்கிறது. ஏரிக்கரையில் தனித்திருக்கும் இருளர் குடிசைகள், வாய்க்காலுக்கு அப்பால் உள்ள தலித் குடியிருப்பு, துணை நிலையக் கட்டடம் எந்தத் தெருவில் அமைந்திருக்கிறது என்பது ஆகியவை ஊரின் சராசரிக்குள் புதைந்துபோகின்றன. மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் வேல்ஸ் அனுபவத்தைக் கொண்டு எழுதிய ‘தலைகீழ் மருத்துவ விதி’ இதைத்தான் சொல்கிறது: நல்ல மருத்துவம், அது அதிகம் தேவைப்படுவோருக்கே குறைவாகக் கிடைக்கிறது. ஆகவே துணை நிலையத்துக்கு ஒரே எண் என்பதற்கு மாறாகத் தெருவுக்கு ஓர் எண் என்று பிரித்து எழுதுவது கணிப்பின் முதல் நிபந்தனை. இதற்குக் கணினி வேண்டியதில்லை. ஊர்ப் பெண்களே தரையில் வரைந்த படம், அங்கன்வாடியின் எடைப் பதிவேடு, செவிலியர் நடந்து பார்த்த குறிப்பு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்தால் விடுபட்ட வீடுகள் தென்படும்.

சிறிய எண்களின் இயல்பு அறியாமல் செய்யும் ஒப்பீடு இன்னொரு பிழை. தமிழ்நாட்டின் பேறுகால இறப்பு விகிதம் 2018-20ஆம் ஆண்டுகளில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 54. ஆண்டுக்கு 70 பிறப்புகள் உள்ள துணை நிலையத்தில் இந்த விகிதப்படி ஒரு தாய் இறப்பு நேர ஏறத்தாழ 26 ஆண்டுகள் ஆகும். ஐந்து ஆண்டுகளாக இறப்பே இல்லை என்பது அந்தப் பகுதியில் பேறுகாலப் பராமரிப்பு சிறந்தது என்பதற்குச் சான்றாகாது. ஓர் இறப்பு நேர்ந்தது என்பது அது மோசம் என்பதற்கும் சான்றாகாது. குழந்தை இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 13 என்றால் ஆண்டுக்குச் சராசரியாக ஓர் இறப்பு. ஓராண்டு சுழியமும் மறு ஆண்டு இரண்டும் வருவது வெறும் தற்செயலாக இருக்கலாம். மாதக் கூட்டத்தில் இவற்றைக் கொண்டு பாராட்டுவதும் கண்டிப்பதும் புள்ளியியல் அடிப்படை அற்றவை. இந்த அளவில் விகிதத்தைவிட ஒவ்வொரு நிகழ்வின் வரலாறுதான் பயன்தரும். பேறுகால இறப்பைத் தனித்தனியே தணிக்கை செய்யும் வழக்கத்தைத் தமிழ்நாடு 1990களிலேயே தொடங்கியது. அறிகுறி தெரிந்ததற்கும் புறப்பட்டதற்கும், புறப்பட்டதற்கும் சேர்ந்ததற்கும், சேர்ந்ததற்கும் சிகிச்சை தொடங்கியதற்கும் இடையே கழிந்த நேரம் எங்கே நீண்டது என்று அது கேட்கிறது. இறப்பு வரை போகாமல் பிழைத்த தாய்மாருக்கும் இதே கேள்விகளைக் கேட்டால், துணை நிலைய அளவிலேயே கற்கப் போதுமான நிகழ்வுகள் கிடைக்கும்.

ஒரு காலத்தில் தேவையைக் காட்டிய குறியீடு பின்னர் எதையும் காட்டாமல் போவதும் உண்டு. மருத்துவமனைப் பிரசவம் 99.6 விழுக்காட்டை எட்டிவிட்ட மாநிலத்தில் அந்தப் பத்தி செவிலியருக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் அறுவைப் பிரசவம் 44.9 விழுக்காடு, தனியார் மருத்துவமனைகளில் அது 60 விழுக்காட்டைத் தாண்டியது. தேவை இடம்பெயர்ந்துவிட்டது, பத்தி பழைய இடத்திலேயே நிற்கிறது. அறுவைக்குப் பின் வீடு திரும்பிய தாயின் புண், தாய்ப்பால் தொடக்கம், அடுத்த கருவுக்கான இடைவெளி ஆகியவை படிவத்தில் இன்னும் ஓரத்திலேயே இருக்கின்றன.

தொற்றா நோய்கள் கணிப்பின் வரம்பையே மாற்றியிருக்கின்றன. தாய்சேய் நலத்துக்காக வடிவமைந்த வீட்டுச் சந்திப்பு பகல் நேரத்துக்குரியது. பகலில் வீட்டில் இல்லாத ஆண்களும், நூறு நாள் வேலைக்குச் சென்ற பெண்களும் அதன் பார்வைக்கு வெளியே நின்றனர். 2020இல் மாநிலத்தில் நடத்தப்பட்ட ஸ்டெப்ஸ் என்ற தொற்றா நோய் ஆய்வில், உயர் இரத்த அழுத்தம் உள்ளவரில் 7.3 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு உள்ளவரில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுப்பாட்டில் இருந்தது. மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் பார்த்திருந்தால் இந்த அளவு தெரிந்திருக்காது. அதில் இருப்பவர் ஏற்கெனவே வந்து சேர்ந்தவர். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தன்னார்வலர்களைச் சேர்த்து மாத்திரைகளை வீட்டிலேயே கொடுக்கிறது. வேலையிடத்திலேயே பரிசோதிக்கும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ 2024இல் வந்தது. இவை தேவைக் கணிப்பின் பழைய குறையை ஒப்புக்கொண்டு எழுந்தவை என்று கொள்ளலாம். இவற்றிலும் அதே ஆபத்து மறுபடி தோன்றும்: மாத்திரை கொடுத்த வீடுகளின் எண்ணிக்கை எளிதில் ஏறும், இரத்த அழுத்தம் குறைந்தவரின் எண்ணிக்கை மெல்லவே ஏறும். முன்னதை மட்டும் அறிக்கையில் கேட்டால் பின்னது தேவை என்பதே மறக்கப்படும்.

தேவைகளைத் திரட்டிய பின் வரிசைப்படுத்த வேண்டும். பாடநூல்கள் பரிந்துரைக்கும் ஹான்லன் முறை, பாதிப்பின் அளவுக்குரிய மதிப்பெண்ணோடு தீவிரத்துக்குரிய மதிப்பெண்ணை இரட்டித்துக் கூட்டி, அந்தத் தொகையைத் தலையீட்டின் பயனளிக்கும் திறனால் பெருக்குகிறது. பெருக்கல் என்பதால் கடைசி மதிப்பெண்ணே முடிவைத் தீர்மானிக்கிறது. அதுவே மிகவும் அகவயமானதும்கூட. குடிப்பழக்கத்தால் விளையும் குடும்ப வன்முறைக்குச் செவிலியரால் என்ன செய்ய முடியும் என்று கருதிச் சுழியத்தை ஒட்டிய எண்ணைக் கொடுத்தால், ஊர்ப் பெண்கள் முதலில் சொன்ன குறை பட்டியலின் அடிக்குப் போய்விடும். மதிப்பெண் போடும் குழுவில் யார் அமர்கிறார் என்பது, மதிப்பெண் முறையைவிட முக்கியம். கிராம சுகாதார, துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு இதற்கென இருக்கும் அமைப்பு. அதன் நிபந்தனையற்ற நிதி ஆண்டுக்கு 10,000 ரூபாய். பெரிய காரியத்துக்குப் போதாது, ஆனால் கிணற்றைச் சுற்றிய சகதியை அகற்றுவதற்குப் போதும். பெரிய தேவைகளைக் கிராம சபையில் தீர்மானமாக்கினால் அவை சுகாதாரத் துறைக்கு வெளியேயும் பதிவாகும்.

கணிப்பை ஆண்டுதோறும் மறுபடி செய்ய வேண்டும் என்பது விதி. எண்களை மட்டும் புதுப்பித்தால் அது மறுகணிப்பு ஆகாது. பதிவேட்டில் எதிர்பார்ப்பு, கண்டது என்ற இரு பத்திகளுக்கு அடுத்து, வேறுபாட்டுக்கான காரணம் என்று எழுத்தால் நிரப்பும் மூன்றாம் பத்தி வேண்டும். அதை மதிப்பெண்ணுக்கு உட்படுத்தாமல், குறைவைக் காட்டும் செவிலியர் தண்டிக்கப்படமாட்டார் என்ற உறுதியோடு, மேற்பார்வை செய்யும் பகுதி சுகாதாரச் செவிலியர் நேரில் சரிபார்க்க வேண்டும். இது மேற்பார்வையாளரின் வேலையையும் மாற்றும். கூட்டிக் கழித்துப் பார்ப்பதைவிட, சூளைக்கும் ஏரிக்கரைக்கும் அவரும் போயாக வேண்டும். செவிலியர் இடமாற்றம் ஆகும்போது பொறுப்பு ஒப்படைப்பில் குளிர்பதனப் பெட்டியும் எடைக்கருவியும் கணக்கில் ஏறுகின்றன. எந்தத் தெருவில் எந்தக் குடும்பம் ஏன் நிலையத்துக்கு வருவதில்லை என்ற அறிவு ஏறுவதில்லை. மூன்றாம் பத்தி இருந்தால் அதுவும் ஒப்படைப்புப் பட்டியலில் சேரும். புதிதாக வருபவர் தம் முதல் கணக்கெடுப்பை அந்த வீடுகளிலிருந்து தொடங்க முடியும்.