பத்து விரலும் 1,024 அறைகளும்

சென்ற ஆண்டு என் பேரன் படிக்கும் பள்ளியில் குழந்தைகளின் பத்து விரல்களையும் ஒரு கருவியில் பதிந்துகொண்டார்கள். சில வாரங்களில் வழவழப்பான தாளில் அறிக்கை வந்தது. கணக்கு இத்தனை விழுக்காடு, இசை இத்தனை, மொழி மிகக் குறைவு. "மாமா, இவனுக்கு பாஷை ஏறாதாம். ஏற்கெனவே பெங்காலி, இந்தி, இங்கிலீஷ்னு மூணு இருக்கு. தமிழ் வகுப்பை நிறுத்திடலாமா?" என்றாள் மருமகள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபிக்க முடியவில்லை. கட்டைவிரல் ரேகையைக் கொடுத்து வைத்தீசுவரன் கோயிலில் ஏடு தேடியவர்கள் எங்கள் வீட்டிலும் உண்டே!

விரல் ரேகையின் சரித்திரத்தில் பெரும்பங்கு நாம் வாழும் இந்த வங்காளத்தில்தான் நடந்தது. 1858-இல் ஜங்கிப்பூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலை போடச் சரளை தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் கையை மை தடவி ஒப்பந்தத்தின் பின்புறம் பதிக்க வைத்தார். பின்னால் ஆள் பேச்சு மாறக்கூடாதே என்று ஒரு மிரட்டல், அவ்வளவுதான். பிறகு அதுவே அவருக்குப் பித்தாகி, ரேகை ஆயுளுக்கும் மாறுவதில்லை என்று பல்லாண்டுப் பதிவுகளால் காட்டினார்.

அந்தப் பதிவுகளையும் பயன்படுத்தி 1892-இல் 'ஃபிங்கர் பிரின்ட்ஸ்' என்ற நூலை எழுதியவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன். அறிவு பரம்பரைச் சொத்து என்று நம்பியவர். ரேகையில் குணமும் திறமையும் தெரியுமா என்று ஆவலோடு தேடினார். மாணவர்கள், கூலியாட்கள், மூளை வளர்ச்சி குன்றியோர், பல இனத்தார் என்று ஒப்பிட்டுப் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை. அந்த ஏமாற்றத்தை மறைக்காமல் எழுதியும் வைத்தார். இந்த நேர்மை இன்றைய அறிக்கைக்காரர்களிடம் இல்லை.

1897-இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவகம் ஏற்பட்டது. எட்வர்ட் ஹென்றியின் பெயரால் வழங்கும் வகைப்பாட்டுக்கு உழைத்தவர்கள் அவரிடம் வேலைபார்த்த அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு வங்காளிகள். பத்து விரலை ஐந்து ஜோடியாக்கி, சுழி இருந்தால் முறையே 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு, இல்லாவிட்டால் சைபர். மேலும் கீழும் கூட்டி ஒவ்வொன்று சேர்த்தால் 32 பெருக்கல் 32, ஆக 1,024 அறைகள். தாள் எந்த அறையில் கிடக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்லும். தாளுக்குரியவன் பாடுவானா, கணக்குப் போடுவானா என்று சொல்லாது.

'டெர்மடோகிளிஃபிக்ஸ்' என்ற பெயரை 1926-இல் வைத்தவர் அமெரிக்கரான ஹெரால்ட் கம்மின்ஸ். டவுன் நோய்க்குறி உள்ளவர்களிடம் சில ரேகை அமைப்புகள் அதிகம் என்று அவர் கண்டது உண்மையே. அதோடு 1983-இல் ஹவர்ட் கார்ட்னர் சொன்ன பலவகை அறிவுக் கொள்கையை ஒட்டுப்போட்டதுதான் இந்தச் சோதனை. கருவில் மூன்றாம் மாதம் ரேகையும் மூளையும் ஒன்றாக வளர்கின்றனவாம், அதனால் இதில் அது தெரியுமாம். சிறுநீரகமும்தான் அப்போது வளர்கிறது!

இதையெல்லாம் மருமகளிடம் சொன்னேன். "அப்போ கட்டின பணம்?" என்றாள். "போனது போகட்டும்மா. மொழி வராத பிள்ளையா மீன்காரரிடம் பெங்காலியிலும் வாட்ச்மேனிடம் இந்தியிலும் சண்டை போடுறான்?"

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறான். 'ழ' மட்டும் இன்னும் 'ல'வாகத்தான் வருகிறது.