வாயிற்படியில் நிற்கும் சட்டம்: நாய்ப் பண்ணைகள் மீதான அரசு ஆய்வின் வரலாறு, பாலக்காடு, இடுக்கிப் பக்கத் தமிழ்நாடு – கேரள எல்லையை முன்வைத்து

நாய்ப் பண்ணைகள் மீதான அரசுக் கண்காணிப்பின் வரலாற்றை இந்தியச் சட்ட ஆணையத்தின் 261ஆம் அறிக்கையிலிருந்து தொடங்குவது வழக்கமாகிவிட்டது. நீதிபதி ஏ.பி. ஷா தலைமையில் இருந்த ஆணையம் 2015 ஆகஸ்டில் அதை அளித்தது. 2017 மே 23 அன்று நாய் இனப்பெருக்கம், விற்பனை தொடர்பான விதிகள் வெளியாயின. 2018இல் செல்லப்பிராணிக் கடை விதிகள் வந்தன. இந்த வரிசையிலிருந்து, முன்பு வெறுமை, பிறகு அறிக்கை, பிறகு விதி என்றொரு கதை உருவாகியிருக்கிறது. அந்தக் கதையை இக்கட்டுரை மறுக்கிறது.

முதலில் அறிக்கைக்கு உரிய மதிப்பைத் தந்துவிட வேண்டும். கொல்லைப்புறக் கூண்டில் ஈத்துக்கு மேல் ஈத்து எடுக்கப்படும் பெட்டை நாயின் துன்பத்தை வாங்குபவரின் புகாராகவோ சுகாதாரத் தொல்லையாகவோ சுருக்காமல், 1960ஆம் ஆண்டு விலங்குக் கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் விஷயமாக அது எடுத்துக்கொண்டது. செல்லப்பிராணிக் கடைகளுக்கான வரைவு விதிகள் 2010இலேயே தயாராகியும் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தன. அதனால் புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆம் பிரிவின் கீழ் நடுவண் அரசு விதிகளை வெளியிட்டாலே போதும் என்று ஆணையம் சொன்னது. அந்த அவசரம் நியாயமானது.

ஆனால் ‘போதும்’ என்ற அந்த முடிவில்தான் என் மறுப்பு தொடங்குகிறது. விதி இல்லாமையே நோய் என்று ஆணையம் கண்டது. ஆகவே விதியை மருந்தாகத் தந்தது. விதி வந்தால் ஆய்வாளர் வருவார் என்பது அதன் சொல்லப்படாத அனுமானம். ஆய்வு நடக்க மூன்று தேவைகள் உண்டு: மீறலை அளக்க ஓர் அளவுகோல், உள்ளே நுழைய அதிகாரம், அந்த அதிகாரத்தோடு பக்கத்திலேயே ஓர் அலுவலர். விதி முதலாவதைத் தந்தது. பெட்டைக்குப் பதினெட்டு மாதம் நிறைய வேண்டும், வாழ்நாளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்பவை தெளிவான அளவுகோல்கள். மற்ற இரண்டும் தாமாக வந்துவிடும் என்று நம்பியதே அறிக்கையின் குறை.

இதற்கான சான்று 1960ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. உள்ளே நுழைவதைப் பற்றிய அதன் 18, 25, 32 ஆகிய பிரிவுகளை அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். விலங்குகள் மீது பரிசோதனை நடத்தும் நிறுவனத்துக்குள் அதற்கான குழு அனுப்பும் ஆள் நுழையலாம், பதிவேடுகளைக் கேட்கலாம் என்கிறது 18. வித்தை காட்டும் விலங்குகளைப் பழக்கும் இடத்துக்குள் அதிகாரம் பெற்றவரோ உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத காவல் அலுவலரோ தகுந்த நேரம் எதிலும் நுழையலாம் என்கிறது 25. காட்சி நடக்கும்போது மேடையிலோ மேடைக்குப் பின்னாலோ செல்லக் கூடாது என்ற ஒரே தடையை அது வைக்கிறது. இவ்விரண்டிலும் குற்றம் நடந்ததாகச் சந்தேகம் தேவையில்லை. 32ஆம் பிரிவு அப்படிப்பட்டதல்ல. மாடு, ஆடு சார்ந்த சில குறிப்பிட்ட கொடுமைகளில், நம்பத்தக்க காரணம் இருந்தால் மட்டுமே தேடுவதற்காக நுழைய அது இடம் தருகிறது.

ஆக, சர்க்கஸில் வளையம் தாண்டப் பழக்கப்படும் நாயையும் ஆய்வுக்கூடத்து நாயையும் முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்க்கும் வழியை 1960இலேயே நாடாளுமன்றம் திறந்துவைத்தது. விற்பனைக்காகக் குட்டி போடும் நாய்க்கு அப்படியொரு வழி இல்லை. இது மறதியா, வேண்டுமென்றே விட்டதா என்பதைச் சட்டத்தின் வாசகத்தை மட்டும் கொண்டு முடிவுசெய்ய முடியாது. 25ஆம் பிரிவு, வித்தை விலங்குகள் பற்றிய 1925ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டத்தை ஒட்டிச் செல்வதால், முன்மாதிரி இல்லாத இடத்தில் பிரிவும் இல்லாமல் போயிற்று என்று ஊகிக்கிறேன்.

வெறுமைக் கதைக்கு இன்னொரு தடை 1998ஆம் ஆண்டு விதிகள். பரிசோதனை தொடர்பாக 1968இல் வந்த விதிகள் இருக்க, முப்பது ஆண்டு கழித்து வந்தவை இனப்பெருக்கத்தையும் வளையத்துக்குள் கொண்டுவந்தன. பரிசோதனைக்காக விலங்குகளைப் பெருக்கித் தருவோர் குழுவிடம் பதிவுசெய்யக் கடமைப்பட்டனர். பதிவும் கண்காணிப்பும் உள்ள விலங்கு இனப்பெருக்கத் தொழில், 2017க்குப் பத்தொன்பது ஆண்டுகள் முன்பே நம் சட்டத்தில் இருந்தது. அதற்குப் பின்பலமாக 18ஆம் பிரிவும் இருந்தது. உரிமம் பெற்ற இனப்பெருக்கத்தின் தொடக்க ஆண்டு 1998 என்பதா, 2017 என்பதா? அது நாம் எதை வணிகம் என்று கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. அந்த விவாதத்தை முடிக்க நான் முனையவில்லை.

நுழையும் அதிகாரம் ஏன் தனியாக வேண்டும் என்பதற்குப் பிரிட்டன் நல்ல பாடம். அங்கே 1973ஆம் ஆண்டுச் சட்டம் நாய்ப் பண்ணைக்கு உள்ளாட்சி உரிமத்தைக் கட்டாயமாக்கி, உரிமம் பெற்ற இடங்களைப் பார்வையிட வழிசெய்தது. உரிமமே வாங்காதவர் அந்தப் பார்வைக்குத் தப்பினார். ஆகவே 1991இல் ஆய்வு அதிகாரத்தை விரிப்பதற்கென்றே இன்னொரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. நம் 2017 விதிகள் பதிவின்றித் தொழில் நடத்துவதைத் தடுக்கின்றன. ஆனால் தாய்ச்சட்டத்தில் 18, 25 போன்ற ஒரு பிரிவு பண்ணைகளுக்கு இல்லாதபோது, பதிவில்லாதவரின் வீட்டுக்குள் செல்லும் அதிகாரத்தை விதி மட்டும் தந்துவிட முடியுமா என்பது நீதிமன்றத்தில் வாதாடத்தக்க கேள்வி.

இனி தமிழ்நாட்டுச் சான்று. சென்னை சைதாப்பேட்டையில் 1980–81 வாக்கில் கால்நடை பராமரிப்புத் துறை தொடங்கிய நாய் இனப்பெருக்கப் பிரிவு, ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நாட்டு இனங்களைக் காக்கவென்று இயங்கியது. 2016இல் இந்திய விலங்கு நல வாரியத்தின் ஆய்வும் சென்னை உயர் நீதிமன்ற வழக்கும் சேர்ந்து அதை மூடச் செய்தன. அடுத்த ஆண்டு சல்லிக்கட்டுப் போராட்டச் சூழலில் இது நாட்டு இன அழிப்பாகவே பேசப்பட்டது. அந்த வேதனையை நான் பகிர்ந்துகொள்கிறேன். ஆயினும் வரலாற்று நோக்கில் முதலில் கவனிக்க வேண்டியது வேறு. 2017 விதிகள் வராத காலத்திலேயே, அரசின் சொந்தப் பண்ணைக்குள் ஆய்வு நடந்திருக்கிறது. அன்று வாரியத்தின் தலைமையிடம் சென்னை. 1962 முதல் அங்கே இருந்த வாரியம் 2018இல்தான் அரியானாவின் பல்லப்கருக்குச் சென்றது. விதி இல்லாதபோதும் ஆய்வு நடந்ததில் அருகாமைக்குப் பெரும் பங்கு உண்டு என்று வாதிடுகிறேன். ஒரே நிகழ்வை வைத்து இதை நிறுவிவிட முடியாது. அடுத்து வரும் தமிழ்நாடு – கேரள எல்லைப் பகுதியின் நிலை இதற்கு வலுச் சேர்க்கிறது.

கோம்பை தேனி மாவட்டத்து மலையடிவார ஊர். கம்பம் மெட்டு வழியே ஏறினால் இடுக்கியின் ஏலமலை. பாலக்காட்டுப் பக்கம் வாளையாறு, மீனாட்சிபுரம் வழியே கொங்கு நாடு தொடர்கிறது. 1956 வரை பாலக்காடு சென்னை மாகாணத்து மலபாரில் இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. பிரிட்டிஷ் இந்தியாவுக்கென்று வந்த 1890ஆம் ஆண்டுக் கொடுமைத் தடுப்புச் சட்டம் மலபாரை எட்டியதுபோல் சமஸ்தான மலைகளைத் தானாக எட்டவில்லை. 1960க்குப் பின்தான் இரண்டும் ஒரே சட்டத்தின் கீழ் வந்தன.

அதற்குப் பிறகும் இப்பகுதியில் நாயை அரசு பார்த்த கண் வேறு. 1967ஆம் ஆண்டுக் கேரள விலங்கு நோய்த் தடுப்புச் சட்டத்தின் வழியில் வாளையாறு, குமுளி போன்ற கால்நடைச் சோதனைச் சாவடிகளில் நோய்தான் கேள்வி. 1998ஆம் ஆண்டுக் கேரளப் பஞ்சாயத்து ராஜ் (பன்றி, நாய் உரிமம்) விதிகளில் அக்கம்பக்கத்தாரின் பாதுகாப்பே கேள்வி. 2021இல் அடிமலத்துறைக் கடற்கரையில் புரூனோ என்ற நாய் அடித்துக் கொல்லப்பட்டபின் கேரள உயர் நீதிமன்றம் தானாக வழக்கெடுத்து, மாநில விலங்கு நல வாரியத்தைச் சீரமைக்கச் சொன்னது. நாயின் நலனை நிர்வாகத்தின் மேசைக்குக் கொண்டுவந்த திருப்பம் அது. அப்போதும் பஞ்சாயத்துகளின் கைக்கு வந்தது வளர்ப்பவருக்கான உரிமம்தான்; பண்ணையின் ஈத்துப் பதிவேடு அவர்கள் கைக்கு வரவில்லை. 2024 மார்ச்சில் 23 இனங்களைத் தடுக்கக் கோரி நடுவண் அரசு விடுத்த சுற்றறிக்கையும் மனிதனைக் காக்கும் பழைய வழியிலேயே சென்றது. கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் அதை ரத்து செய்தது.

எனவே எல்லையில் இரண்டு மரபுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. நாயிடமிருந்து மனிதரைக் காக்கும் மரபுக்கு ஊர்தோறும் ஆள் உண்டு: பஞ்சாயத்துச் செயலர், கால்நடை மருத்துவர், சாவடி ஊழியர். மனிதரிடமிருந்து நாயைக் காக்கும் மரபு மாநில வாரியத்தின் தலைநகரக் கோப்பில் இருக்கிறது. தேனிப் பக்கத்துப் பண்ணை தமிழ்நாட்டு வாரியத்திடம் பதிய வேண்டியது. குட்டியை வாங்கும் இடுக்கிக்காரர் கேரளத்துப் பஞ்சாயத்தின் உரிமத்துக்கு உட்பட்டவர். குட்டியின் தாய்க்கு அது எத்தனையாவது ஈத்து என்று கேட்கும் கடமை, சாவடியில் நிற்கும் எவருக்கும் தரப்படவில்லை.

38ஆம் பிரிவின் விதியை மீறினால் அபராதம் அதிகபட்சம் நூறு ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆணையம் போதும் என்ற இடத்தில் இருந்த தண்டனை இதுதான். 261ஆம் அறிக்கையைத் தொடக்கமாகக் கொள்ளாமல், 1960இல் திறக்காமல் விட்ட வழியின் தொடர்ச்சியாகப் படித்தால் அடுத்த வேலை தெளிவாகும். பண்ணைகளுக்கும் 25ஆம் பிரிவுக்கு இணையான நுழைவு அதிகாரத்தைச் சட்டத்திலேயே சேர்க்க வேண்டும். அதை எல்லையோரக் கால்நடை மருத்துவர் கையில் கொடுக்க வேண்டும். இரு மாநில வாரியங்களும் பண்ணைப் பதிவேட்டைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். நோயைக் கேட்க எல்லையில் ஓர் அலுவலரை நிறுத்த முடிந்த அரசுகளுக்கு, தாய் நாயின் வயதைக் கேட்க ஒருவரை நிறுத்துவதும் முடியும்.