ரப்பர் முத்திரையும் உயிர்ப் புள்ளிகளும்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரையும் வேண்டுமென்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டும், எங்க குளத்தூர் கேரளத்திலேயே நின்றுவிட்டது. “எல்லாம் ஒரு ரப்பர் முத்திரை விழுந்த இடம்தான், மக்களே” என்பார் எங்க தாத்தா.

அந்த முத்திரையை உயிரியல் வரலாற்றிலும் கண்டேன். 1993இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் அமித் குமாரும் ஜார்ஜ் ஒயிட்சைட்சும் சிலிக்கோன் ரப்பரில் நுண்ணிய முத்திரை செய்து, தங்கப் பூச்சின்மேல் மூலக்கூறுகளை மைபோலப் பதித்தனர். பின்னாளில் இவ்வழியே, முத்திரை பட்ட இடத்தில் மட்டும் புரதம் ஒட்டும்படி செய்தார்கள். மற்ற இடமெல்லாம் புரதம் ஒட்டாத மூலக்கூறு.

1997இல் கிறிஸ்டோபர் சென், ஒயிட்சைட்ஸ், டொனால்ட் இங்பர் முதலானோர் இரத்தக்குழாய் உட்சுவரின் செல்களை இப்படிப்பட்ட புரதத் தீவுகளில் குடியேற்றினர். சிறு தீவு ஒன்றில் ஒடுங்கிய செல் மடிந்தது. அதே பரப்பளவுப் புரதத்தைப் பல புள்ளிகளாகப் பிரித்து வைத்தபோது, புள்ளிக்குப் புள்ளி கால்நீட்டிப் பரந்த செல் பிழைத்தது! புரதம் ஒன்றே, வைத்த விதந்தான் வேறு.

1999இல் சாட் மிர்க்கின் குழுவினர் நுண்ணோக்கியின் ஊசிமுனையையே பேனாவாக்கினர். 2002இல் அவர்கள் வைத்த புரதப் புள்ளிகள் 100 முதல் 350 நானோமீட்டர் அளவே.

செல்லுக்குப் பொருந்துவது மனுசனுக்கு அப்படியே பொருந்தும்னு நான் வாதிடவில்லை. ஆனாலும் மலையாளப் பள்ளிக்கூடம், வீட்டுத் தமிழ், சங்கத்து நூலகம் என்று எங்க பிள்ளைகள் கால் ஊன்றும் புள்ளிகளை எண்ணிப் பார்க்கிறேன். எல்லையை நாம் வரையவில்லை. இந்தப் புள்ளிகளையாவது நாம் வைக்கலாமே!